குரலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே

கம்ப்யூட்டர் எத்தனையோ வித்தைகள் அறிந்த யந்திரம். ஆனால் அதற்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாம் பேசுவதும் பாடுவதுமோ காற்றில் எழும் அலைகள். அந்த அலையை மைக் மின்சாரமாக மாற்றுகிறது. மின்சாரத்தை எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்கு ஊட்டவும், எண்ணை மறுபடி மின்சாரமாக்கி நம் ஹெட்ஃபோனுக்குத் திருப்பித் தரவும் நடுவே ஒரு தரகர் வேண்டியிருக்கிறது. அந்தத் தரகர்தான், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெயரில் கடைகளில் விற்கும் சிறு பெட்டி.

மகளின் பாட்டையோ தாத்தாவின் பேச்சையோ வீட்டிலேயே நன்றாகப் பதிந்து வைக்க ஆசைப்படுகிறவர்கள், இந்தப் பெட்டியை வாங்கப் போனால் எண்களின் காட்டில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், 48 வோல்ட் என்று விற்பவர் அடுக்கிக்கொண்டே போகிறார். இவற்றில் எது அவசியம், எது ஆடம்பரம்? பெட்டியின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும் என்பது என் கட்சி. அதன் முகத்திலுள்ள ஒவ்வொரு பொத்தானும் யாரோ பட்ட கஷ்டத்துக்குக் கண்ட பரிகாரம். அந்தக் கஷ்டம் நமக்கும் உண்டா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துபோகும்.

முதலில் எண்களின் கதையைப் பார்க்கலாம். 1937-ல் பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயருக்கு ஒரு தொல்லை இருந்தது. டெலிபோன் கம்பி நீள நீள, வழியில் இரைச்சலும் சேர்ந்துகொண்டே போயிற்று. குரலை அப்படியே அனுப்பாமல், அலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து, அந்த அளவுகளை எண்களாக அனுப்பினால் என்ன என்று அவர் யோசித்தார். யோசனை அபாரமானதுதான், அதை மலிவாக நடத்திக் காட்டும் கருவிகள்தான் அன்று இல்லை.

எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்? அமெரிக்கரான க்ளாட் ஷானன் 1949-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குக் கணக்குச் சொன்னார். பதிய வேண்டிய ஒலியின் உச்ச அதிர்வைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக அளந்தால் போதும். மனிதக் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. 1982-ல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்குக்கு வினாடிக்கு 44,100 அளவுகள் போதுமாக இருந்தது இதனால்தான். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 1,92,000 தடவை அளப்பது. வௌவால்களுக்கு அது பிரயோசனப்படலாம். நாம் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

24 பிட் விஷயம் வேறு. காம்பாக்ட் டிஸ்கின் 16 பிட் அளவுகோலில் 65,536 படிகள். 24 பிட் அளவுகோலிலோ 1,67,77,216 படிகள். ஆகவே ஒலியை விளிம்பு வரை நிரப்பாமல், தாராளமாக இடம் விட்டுப் பதியலாம். பாடுகிறவர் திடீரென்று உச்ச ஸ்தாயிக்குப் போனாலும் பதிவு உடைந்துபோகாது. இது மெய்யாகவே உதவும் வசதி. இன்று சாமானியப் பெட்டிகளிலும் அது இருக்கிறது.

48 வோல்ட் பொத்தானின் கதை இன்னும் ருசிகரமானது. 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி நார்வே ரேடியோவுக்குப் புது மைக்குகள் செய்துகொடுத்தது. குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் சொற்பமான அந்த நாட்டில், ரேடியோ நிலையத்தின் துணை விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கனவே இருந்தது. மைக்குக்கும் அதையே கொடுத்துவிடலாமே என்று ஏற்பாடாயிற்று. அன்று விளக்குக்கு வைத்த மின்சாரத்தின் அளவுதான் இன்று உலகமெங்கும் பெட்டிகளில் ஒரு பொத்தானாக நிற்கிறது. கண்டென்ஸர் மைக் வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டும். கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குக்கு வேண்டாம்.

இவையெல்லாம் பெரிய ஸ்தாபனங்களின் காரியங்கள். வீட்டுக்காரர் கைக்கு ஒலிப்பதிவு வந்ததில் முக்கியமான படி, ஜப்பானின் டியாக் கம்பெனி 1979-ல் டாஸ்காம் என்ற பெயரில் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ. சாதாரணக் காஸெட்டில் நான்கு தனித்தனித் தடங்களைப் பதியும் கருவி அது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்ஸியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டில், இரண்டே மைக்குகளுடன் அதில் புதுப் பாட்டுகளைப் பதிந்தார். தம் வாத்தியக் கோஷ்டிக்கு மாதிரி காட்டுவதற்காகத்தான். பிறகு ஸ்டூடியோவில் கோஷ்டியோடு பாடிப் பார்த்ததில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. கடைசியில் அந்தக் காஸெட்டில் இருந்ததையே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார்கள். காஸெட்டிலிருந்து தட்டுக்கு மாற்றுவதற்குள் எஞ்சினீயர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்றைய சாமானியப் பெட்டி அந்தக் காஸெட்டைவிட எவ்வளவோ சுத்தமாகப் பதியும் என்பதை, விலை உயர்ந்த பெட்டிக்கு ஏங்குகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

அடுத்தபடி கம்ப்யூட்டர் வந்தது. 1989-ல் சிங்கப்பூர்க்காரரான சிம் வாங் ஹூவின் கிரியேட்டிவ் கம்பெனி 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் கார்டை வெளியிட்டது. விளையாட்டுகளுக்குச் சத்தம் கொடுத்த அந்தக் கார்டில் பதிவும் செய்யலாம். ஆனால் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் மின்சார இரைச்சல் அதிகம். மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை அங்கே கொண்டுபோவது, சந்தைக்கு நடுவில் நின்று ரகசியம் பேசுவது போலத்தான். ஆகவே தரகர் வெளியே வந்து தனிப் பெட்டியில் குடியேறினார். 1996-ல் யு.எஸ்.பி. இணைப்பு பிறந்தது. 2001-ல் மோட்டு கம்பெனியின் 828 என்ற பெட்டி ஃபயர்வயர் இணைப்போடும், 2002-ல் டிஜிடிசைனின் எம்பாக்ஸ் யு.எஸ்.பி. இணைப்போடும் வந்தன.

இந்த இடத்தில் சரித்திரம் ஓர் எச்சரிக்கை தருகிறது. அந்நாளில் ஃபயர்வயர் வேகமானது. விஷயம் தெரிந்தவர்கள் அதையே வாங்கினார்கள். காலப்போக்கில் புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டே இல்லாமல் போயிற்று. ஒரு பழுதும் இல்லாத அருமையான பெட்டிகள் பரணில் ஏறின. பெட்டியின் ஆயுள் அதன் உறுப்புகளில் மட்டும் இல்லை. இணைப்பிலும், கம்பெனி அவ்வப்போது புதுப்பித்துத் தர வேண்டிய டிரைவரிலும் இருக்கிறது. தனி டிரைவர் கேட்காமலே வேலை செய்யும் யு.எஸ்.பி. பெட்டிக்கு ஆயுள் கெட்டி.

இன்னொரு தொல்லை தாமதம். பாடிய குரல் கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்புவதற்குள் சற்றே பிந்திவிடும். பாடுகிறவருக்குத் தாளம் தட்டிப்போகும். 1997-ல் ஸ்டைன்பெர்க் கம்பெனி கொண்டுவந்த ஏஸியோ முறை இந்தத் தாமதத்தைக் குறைத்தது. குரலைக் கம்ப்யூட்டரைச் சுற்ற வைக்காமல் நேரே காதுக்குத் தரும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் அதை அநேகமாக ஒழித்தே விடுகிறது. வாங்கும்போது அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே சமயத்தில் எத்தனை மைக்குகள் பதிய வேண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் பாட ஒருவர் வாசிக்கும் வீட்டுக்கு இரண்டு இன்புட் போதும். மிச்சப் பணத்தை நல்ல மைக்குக்கும், அறையின் எதிரொலியை அடக்கும் கனமான திரைச்சீலைக்கும் செலவிடலாம். 2020-ல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி பரிசு பெற்ற பில்லி ஐலிஷின் பாட்டுகள், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் பதிந்தவைதாம்.

பெட்டிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டே வருஷங்களைக் கழிக்கிறவர்களும் உண்டு. இன்னும் நல்ல கருவி வரட்டும் என்று ஸ்பிரிங்ஸ்டீன் காத்திருந்தால், அந்த ஜனவரி மாதத்துக் குரல் நமக்குக் கிடைத்திருக்காது. தாத்தாவின் பேச்சையும் பாட்டியின் தாலாட்டையும் பதிய நினைக்கிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அடுத்த வருஷம் இதைவிட நல்ல பெட்டி நிச்சயம் வரும். அவர்களுடைய குரலைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. மேலே சொன்ன நாலைந்து லட்சணங்கள் பொருந்திய பெட்டி ஒன்றை இந்த வாரமே வாங்கி, மைக்கை மாட்டி, அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள்.