வளிச்சீராக்கியும் வீட்டுக்காரரின் கையும்

வெயில் கடுமையாகக் காயும் நாளில் வீட்டிலுள்ள வளிச்சீராக்கி குளிர் தராது நின்றுவிட்டால், வீட்டுக்காரரின் கை தானாகவே திருப்புளியை நாடும். திருத்துநரோ ஊரெங்கும் அழைக்கப்பட்டிருப்பார். அவர் வருவதற்குள் வெப்பம் வீட்டை நிறைத்துவிடும். இந்நிலையில் வீட்டுக்காரர் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது? இவ்வினாவுக்குரிய விடை ஒரே நாளில் எழுந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டு கால முயற்சியும், இடையிடையே நேர்ந்த இழப்புகளும் சேர்ந்தே அதனை வகுத்தன.

அமெரிக்காவின் புளோரிடாவில் அப்பலாச்சிக்கோலா என்னும் துறைமுகப் பட்டினத்தில் ஜோன் கொறி என்ற மருத்துவர் வாழ்ந்தார். காய்ச்சலால் வாடிய நோயாளருக்குக் குளிர்ந்த காற்று நலந்தரும் என்பது அவர் நம்பிக்கை. பனிக்கட்டி இட்ட பாத்திரத்தை அறையின் மேற்பகுதியிலே தொங்கவிட்டார். குளிர்ந்த காற்றுப் பாரமானதாகையால், அது கீழிறங்கி நோயாளரைத் தழுவியது. ஆனால், அப்பனிக்கட்டி வடபகுதி ஏரிகளிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. எனவே, அதனைத் தாமே ஆக்கிக்கொள்ள அவர் துணிந்தார். காற்றை அமுக்கினால் அது சூடேறும். அச்சூட்டை நீரினால் அகற்றி, பின்னர் அக்காற்றை விரியவிட்டால் அது பெரிதும் குளிரும். இவ்வுண்மையைக் கொண்டு அவர் அமைத்த இயந்திரத்துக்கு 1851ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. முதலிட முன்வருவோர்தாம் கிடைத்திலர். 1855ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அடுத்த பெரும் படி நோயாளருக்காக எடுத்துவைக்கப்பட்டதன்று, காகிதத்துக்காக எடுத்துவைக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில், ஈரக்காற்றினால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றின்மேலொன்று பொருந்தாது போயின. வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர், குளிர்ந்த சுருட்குழாய்களின்மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தை நீராகப் படியவைத்தார். இன்றைய வளிச்சீராக்கியிலிருந்து சொட்டுவதும் அத்தகைய நீரே. அது வெளியேறும் வழி அடைபட்டால், நீர் அறைக்குள் வடியும்.

ஆயினும், இவ்வியந்திரம் இல்லங்களுட் புகுவதற்கு ஒரு பெருந்தடை இருந்தது. அக்காலத்தில் குளிரூட்டப் பயன்பட்ட அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு ஆகியன நச்சுத்தன்மை உடையவை. குளிர்ப்பெட்டியிலிருந்து கசிந்த வாயுவினால் பெர்லினில் ஒரு குடும்பம் மாண்ட செய்தியே, அறிஞர் ஐன்ஸ்டைனையும் அவர் நண்பர் லியோ சிலார்டையும் இத்துறைக்கு ஈர்த்தது என்பர். அசையும் உறுப்பில்லாத குளிர்ப்பெட்டி ஒன்றை அவர்கள் வகுத்து, 1930ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அது விற்பனைக்கு வந்ததில்லை. அதே ஆண்டில் தோமஸ் மிஜ்லி என்பவர், தாமும் துணைவரும் கண்ட புதிய வாயுவை அறிஞர் அவையில் தாமே உள்ளிழுத்து, வெளிவிட்ட மூச்சினால் மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீப்பற்றுவதுமில்லை என்று உலகம் மகிழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்க இல்லங்களின் சாளரங்களிலே வளிச்சீராக்கிகள் பெருகின.

அறைக்குள் தீங்கு செய்யாத அவ்வாயு வானத்திலே தீங்கு செய்தது. இத்தகைய குளோரின் கொண்ட வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைக்கும் என்பதை 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் எடுத்துரைத்தனர். 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. அமெரிக்காவில் இவ்வாயுக்களை வேண்டுமென்றே வெளியேவிடுவது 1992ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டது. 1994ஆம் ஆண்டு முதல், சான்றிதழ் பெற்றவரே வாயுக்குழாயைத் திறந்து திருத்தலாம் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரரின் கைக்கு எல்லை இவ்வாறு வகுக்கப்பட்டது. மற்றோர் எல்லையை மின்சாரம் வகுக்கிறது. இணைப்பைக் கழற்றிய பின்னரும், உள்ளேயிருக்கும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அறியாது தொடுவோரை அது தாக்கும்.

எனினும், இவ்வெல்லைக்கு இப்பால் வீட்டுக்காரருக்குரிய பணி சிறிதன்று. மின்னிணைப்பைக் கழற்றியபின் தூசு படிந்த வடியைக் கழுவி உலர்த்தலாம். நீர்வழியின் அடைப்பை நீக்கலாம். வெளிப்புறத் தகடுகளில் ஒட்டிய அழுக்கை மெல்லத் துடைக்கலாம். வடி அடைபட்டால் குழாயின்மீது போதிய காற்றுப் படாது. குழாயில் பனி படரும். பனியைக் கண்டு இயந்திரம் நன்றாகக் குளிர்கிறதென எண்ணுவது தவறு. உண்மையில் அது மூச்சுத் திணறுகின்றது. அதனை நிறுத்திப் பனி உருகவிட்டு, வடியைத் துப்புரவாக்கினால் பல வேளைகளில் குளிர் மீளும். மீளாவிடின் திருத்துநருக்காகக் காத்திருத்தலே தக்கது.

காத்திருக்கும் அந்நேரத்தில் மறக்கலாகாதது ஒன்றுண்டு. 1995ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சிக்காகோ நகரின் வெப்பம் 41 பாகை செல்சியசை எட்டியது. சில நாள்களில் 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் முதியோர், தனித்து வாழ்ந்தவர். பின்னர் நடந்த ஆய்வு, குளிரூட்டிய இடத்தை அடைய முடிந்தோருக்கு ஆபத்துக் குறைவாயிருந்ததைக் காட்டியது. நின்றுபோன இயந்திரத்தைவிட, அதனருகே வெப்பத்தில் வாடும் முதியவரே முதற்கவனத்துக்குரியவர். அவரைக் குளிர்ந்த இடத்துக்கு அழைத்துச் சென்று, பருக நீர் தந்து, அதன்பின் வடியைக் கழுவ முனைவதே முறை. நோயாளரின் கட்டிலருகே பனிக்கட்டியைத் தொங்கவிட்ட மருத்துவர் கொறியும் முதலில் நினைத்தது இயந்திரத்தையன்று, மனிதரையே.