பிபா நீதிமன்றத் தீர்ப்பும் பஹாயி திருமணச் சட்டமும்

டெல்லிக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பத்தினர் பலர், 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தாமரைக் கோயிலைக் கண்டு திரும்புகின்றனர். அது பஹாயிகளின் வழிபாட்டுத் தலம் என்பதைச் சிலர் அறிவர். ஆனால் அந்தச் சமயத்தாரின் திருமணச் சட்டம் குறித்து ஒரு ஷரீஅத் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததையும், அதன் விளைவுகள் இந்த நூற்றாண்டு வரை நீண்டதையும் அறிந்தோர் குறைவு. நிக்காஹ் எனும் ஒப்பந்தத்தை நாம் எவ்வளவு தெளிவாக விளங்கியிருக்கிறோம் என்பதை அந்த வரலாறு சோதித்துப் பார்க்கிறது.

பஹாயி சமயம் ஈரானில் தோன்றியது. 1844இல் ஷீராஸ் நகரில் ஸையித் அலீ முஹம்மத் என்பவர் தம்மை ‘பாப்’ என அறிவித்தார். 1850இல் தப்ரீஸில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்களுள் ஒருவரான மிர்ஸா ஹுஸைன் அலீ, 1863இல் பக்தாதில் தம்மை இறைவனால் வாக்களிக்கப்பட்டவர் என்றார். பஹாவுல்லாஹ் என்று அழைக்கப்படுபவர் இவரே. உஸ்மானிய அரசு இவரை அக்கா நகருக்கு நாடு கடத்தியது. அங்கே 1873ஆம் ஆண்டளவில் அரபு மொழியில் இவர் தந்த ‘கிதாபுல் அக்தஸ்’ என்னும் நூலே அவர்களுடைய சட்டங்களுக்கு அடிப்படை.

நபிமார்களின் இறுதி முத்திரை முஹம்மத் (ஸல்) அவர்களே என்பது நம் ஈமானின் அடிப்படை (அல்குர்ஆன் 33:40). ஆகவே அந்த உரிமைகோரலை எந்த முஸ்லிமும் ஏற்க இயலாது. எனினும், ஒரு கொள்கையை மறுப்பதற்கு முன் அதைச் சரியாக அறிவது கடமையாகும். அவர்களின் திருமணச் சட்டம் யாது?

மணமக்கள் இருவரின் சம்மதம் முதலில் தேவை. அதன்பின் இருவரின் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். பெற்றோர் வேறு சமயத்தவராயினும் இது பொருந்தும். மஹரைப் பொறுத்தவரை, நகரவாசிக்கு 19 மித்கால் பொன்னும் கிராமவாசிக்கு 19 மித்கால் வெள்ளியும் விதிக்கப்பட்டுள்ளன. அவர்கள் கணக்கில் 19 மித்கால் என்பது ஏறத்தாழ 69 கிராம். மஹர் 95 மித்காலைத் தாண்டக் கூடாது. மணவிலக்கு நாடுவோர் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும். பிற சமயத்தவரை மணப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேர அனுமதிக்கப்பட்டுள்ளது.

நம் ஷரீஅத்தில் மஹருக்கு மேல் வரம்பு இல்லை. ஒரு பொற்குவியலே கொடுத்திருந்தாலும் அதைத் திரும்பப் பெறலாகாது என்றே குர்ஆன் எச்சரிக்கிறது (4:20). ஷாஃபிஈ மத்ஹபில் பெண்ணின் திருமணத்திற்கு வலீ கட்டாயம். ஹனஃபி மத்ஹபில் வயது வந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யவும் இடமுண்டு.

பலதார மணம் குறித்த விவாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அக்தஸ் நூல் இரு மனைவியர் வரை அனுமதித்து, ஒருவரோடு அமைவதே மேல் என்கிறது. பஹாவுல்லாஹ்வுக்கோ மூன்று மனைவியர் இருந்தனர். முஸ்லிம் விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். அம்மணங்கள் அக்தஸ் அருளப்படுமுன் இஸ்லாமிய வழக்கப்படி நடந்தவை என்று பஹாயிகள் விடையளித்தனர். அவருடைய மகன் அப்துல் பஹா, இரண்டாம் மணத்திற்கு நீதி நிபந்தனை என்றும், அது மனிதரால் இயலாதது என்றும் விளக்கி, ஒருதார மணத்தையே சட்டமாக்கினார். இதே காலத்தில் எகிப்தின் அறிஞர் முஹம்மத் அப்துஹும் 4:3, 4:129 ஆகிய வசனங்களை இணைத்து நோக்கிப் பலதார மணத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென வாதிட்டார். இவ்விருவரும் 1880களில் பைரூத்தில் சந்தித்துள்ளனர். ஆனால் அப்துஹுவின் மாணவர் ரஷீத் ரிளா, தம் ‘அல்மனார்’ இதழில் பஹாயிகளைக் கடுமையாக மறுத்தெழுதினார்.

இனி வழக்கிற்கு வருவோம். மேல் எகிப்தில், பனீ ஸுவைஃப் மாகாணத்தின் பிபா வட்டாரத்தில் ஒரு கிராமம். அங்கு மூவர் பஹாயி சமயத்தைத் தழுவினர். அவர்களின் மனைவியரோ முஸ்லிம்கள். ஊர்த் தலைவர் முறையிட, வழக்கு ஷரீஅத் நீதிமன்றத்தை அடைந்தது. 1925 மே 10 அன்று தீர்ப்பு வந்தது. பஹாயி சமயம் தனக்கெனக் கொள்கையும் சட்டமும் கொண்ட ஒரு புதிய மதம். அதைச் சார்ந்தவர் முஸ்லிம் ஆக மாட்டார். ஆகவே இத்திருமணங்கள் செல்லாது. அம்மூவரும் மீள விரும்பினால், நபி (ஸல்) அவர்களே இறுதி நபி என ஏற்று இஸ்லாத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

மூன்று குடும்பங்கள் பிரிந்தன. அப்பெண்களின் மனநிலை எவ்வாறிருந்தது என்று எந்த ஏடும் பேசவில்லை. ஆனால் விந்தை யாதெனில், பஹாயித் தலைவர் ஷோகி எஃபெந்தி இத்தீர்ப்பை வரவேற்றார். தம் சமயம் இஸ்லாத்தின் ஒரு பிரிவன்று, தனி மதமே என்பதற்கு ஒரு முஸ்லிம் நீதிமன்றமே முத்திரையிட்டதாக அவர் கருதினார். இரு தரப்பாரும் எதிரெதிர் நோக்கத்துடன் ஒரே முடிவில் நின்றனர்.

ஃபிக்ஹு நோக்கில், தீர்ப்பின் முதற்பகுதி எதிர்பாராதது அன்று. முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாத ஆணுக்கு மனைவியாக இருக்க இயலாது என்பது 2:221, 60:10 ஆகிய வசனங்களின் அடிப்படையில் அறிஞர்களின் ஒருமித்த முடிவு. கணவர் மதம் மாறினால் ஹனஃபி மத்ஹபில் உடனே பிரிவு நிகழும். ஷாஃபிஈ மத்ஹபில், இல்லறம் நடந்திருப்பின், இத்தா முடியும்வரை காத்திருக்க இடமுண்டு. அதற்குள் அவர் மீண்டால் பழைய நிக்காஹே நிலைக்கும்.

நபி (ஸல்) அவர்களின் மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் வாழ்வை இங்கு நினைவுகூர்வோம். அவர்களின் கணவர் அபுல் ஆஸ் நீண்டகாலம் இஸ்லாத்தை ஏற்கவில்லை. இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். பின்னர் அவர் இஸ்லாத்தைத் தழுவியபோது, முந்தைய நிக்காஹின்படியே சேர்த்து வைக்கப்பட்டனர் என்று ஓர் அறிவிப்பும், புதிய நிக்காஹுடன் என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. சட்டம் உறுதியாக இருந்தது. அதைச் செயற்படுத்தியதில் பொறுமையும் இரக்கமும் இருந்தன.

இரண்டாவது கேள்வியே கடினமானது. தனி மதம் என்று தீர்ப்பளித்த பின், பஹாயிகள் தமக்குள் செய்துகொள்ளும் மணத்தின் நிலை என்ன? எகிப்து பஹாயிகள் தம் திருமணச் சட்டங்களைத் தொகுத்து அரசிடம் அளித்தனர். அரசு ஏற்கவில்லை. 1952இல் இரயில்வே ஊழியர் ஒருவர் பஹாயி மணத்தைக் காட்டிக் குடும்பப்படி கோரியபோது, மதம் மாறியவரின் மணம் செல்லாதென நீதிமன்றம் மறுத்தது. 1960இல் அதிபர் நாஸர் 263ஆம் எண் ஆணையால் அவர்களின் அமைப்புகளைக் கலைத்தார். 2009இல்தான் அடையாள அட்டையில் மதம் என்னுமிடத்தில் கோடிட்டுக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. அப்போதும், திருமணத்தை அரசு ஏற்காததால், மணமானவர்களுக்கு அட்டை பெறுவதில் இடர் நீடித்தது.

மதம் மாறியவர் குறித்த ஃபிக்ஹு விதி வேறு. பஹாயிப் பெற்றோருக்குப் பஹாயியாகவே பிறந்த பேரப்பிள்ளைகளின் நிலை வேறு. முஸ்லிம் அல்லாதோர் தமக்குள் செய்யும் திருமணத்தைத் திருமணமாகவே நம் இமாம்கள் மதித்தனர். குர்ஆன் அபூலஹபின் மனைவியை (111:4) மனைவி என்றே குறிப்பிடுவதை அதற்குச் சான்றாகக் காட்டினர். இஸ்லாத்தைத் தழுவிய தம்பதியரைப் புதிதாக நிக்காஹ் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பொதுவாகப் பணிக்கவில்லை என்பதையும் எடுத்துரைத்தனர். பிறருடைய இல்லறத்தை இல்லறமாகக் காண்பதால் நம் கொள்கை குன்றிவிடாது என்பது அவர்களின் தெளிவு.

இந்திய நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் எந்த மதத்தவரும் பிற மதத்தவரை மணக்க வழிசெய்கிறது. எனவே இக்கேள்வி நம் இல்லங்களுக்கும் வரலாம். அன்று பிள்ளைகளிடம் வெறும் சினத்தைக் காட்டாமல், மார்க்கத்தின் வரம்பையும் அதன் காரணத்தையும் அமைதியாக எடுத்துரைக்கும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். நிக்காஹின் நிபந்தனைகள் திருமண நாளில் மட்டும் ஓதி முடிப்பவை அல்ல. பருவம் வரும் முன்பே வீட்டில் பேசப்பட வேண்டியவை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று குர்ஆன் (5:8) கட்டளையிடுகிறது. ஈமானில் உறுதியும் பிறர் உரிமையில் நீதியும் ஒருசேர வாய்த்தவர்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.