பின்சீட்டு புராணம்

போன ஆடி மாசம் நடந்தது. தங்கமணியைப் பின்னாடி உட்கார வச்சுகிட்டு ஓ.எம்.ஆர்ல போயிட்டிருக்கேன். கந்தன்சாவடி தாண்டினதும் பின்னாலேர்ந்து ஒரு இழுப்பு. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்தல். அவளோட ஷால் பின்சக்கரத்துல சுத்திகிச்சு. நல்லவேளை, வண்டி முப்பதுலதான் போச்சு. கழுத்துல சிவப்பா ஒரு கோடு, கிழிஞ்ச ஷால், வீடு வரைக்கும் மௌனம். அதோட தப்பிச்சோம்.

அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கு மக்களே. வண்டி வாங்கின மூணாம் நாளே சாரி கார்டைக் கழட்டி பரண் மேல போட்டவன் அடியேன்தான். "இது இருந்தா அங்கிள் வண்டி மாதிரி இருக்கு"ன்னு வசனம் வேற. வீட்டுக்கு வந்து மருந்து போட்டுகிட்டே தங்கமணி ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அந்தக் கம்பியை யாருக்காக வச்சிருந்தாங்க?"

பதில் தேடப்போய்தான் வரலாற்றுக்குள்ள விழுந்தேன். பொட்டி தட்டுறவன் வரலாறு எழுதினா இப்படித்தான் இருக்கும், பொறுத்தருள்க :-)

'பில்லியன்'ங்கற வார்த்தையே பைக்கோடது கிடையாது, குதிரையோடது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து கேலிக் மொழியில சின்ன மெத்தைன்னு அர்த்தம். தோலைக் குறிக்கிற லத்தீன் சொல்தான் அதுக்கு மூலம். ஆண் சேணத்துல உட்காருவான், பின்னாடி ஒரு மெத்தையைப் போட்டு பெண் உட்காருவா. அதாவது அந்த சீட்டு ஆரம்பத்துலேர்ந்தே பின்சேர்க்கைதான்.

மோட்டார் சைக்கிளும் இதே கதை. 1885ல ஜெர்மனியில டைம்லரும் மேபாக்கும் செஞ்ச வண்டியில ஒரே ஒரு ஆள்தான் உட்காரலாம். 1920கள்ல இங்கிலாந்துப் பசங்க பின்சக்கரத்துக்கு மேல இருந்த கேரியர்லயே தோழிகளை ஏத்திகிட்டு சுத்தினாங்க. அந்தக் காலத்து நவநாகரிகப் பெண்களுக்கு 'ஃப்ளாப்பர்'னு பேரு. அதனால அந்தக் கேரியருக்கே 'ஃப்ளாப்பர் பிராக்கெட்'னு பேரு வந்துடுச்சு. மூட்டை கட்டற இடத்துல ஒரு மனுஷி!

1930ல பிரிட்டன்ல சாலைப் போக்குவரத்துச் சட்டம் வந்துச்சு. பின்னாடி ஒருத்தர்தான் உட்காரலாம், சரியா பொருத்தின சீட்டு இருக்கணும், இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காரணும்னு சொன்னாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு, 1939ல இந்தியாவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் வருது. எழுதினதும் அதே வெள்ளைக்கார ஆட்சிதான். ஒருத்தர்தான்ங்கறது இருக்கு, பொருத்தின சீட்டு இருக்கு. 'இரண்டு பக்கமும் கால் போட்டு'ங்கறது மட்டும் மிஸ்ஸிங்! சேலை கட்டற நாட்டுல அந்த விதி ஒரு நாள் கூட ஓடாதுங்கறது என் எண்ணம். 1988 சட்டத்தோட 128வது பிரிவும் அதே வழிதான். நம்ம ஊர் அம்மாக்கள் ஒருக்களிச்சு உட்கார்றது சட்டவிரோதம் ஆகாம போனது இப்படித்தான்.

சட்டம் விட்டுக்கொடுத்துச்சு, ஆனா சக்கரம் விட்டுக்கொடுக்குமா? அது முந்தானைக்கும் ஷாலுக்கும் வித்தியாசம் பார்க்காதே.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. 1972ல பஜாஜ் சேத்தக் வந்துச்சு (ராணா பிரதாப்போட குதிரை பேரு, மறுபடியும் குதிரை!). எஞ்சின், சக்கரம் எல்லாத்தையும் தகடு மூடியிருக்கும், சேலைக்கு ஏத்த வண்டி. ஆனா புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்குக் கை கொடுத்தது ஓசூர்லேர்ந்து 1980ல வந்த டிவிஎஸ் 50. இந்தியாவோட முதல் ரெண்டு சீட்டு மொபெட் அதுதான். 50 சிசி எஞ்சின்ல புருஷன், பொண்டாட்டி, நடுவுல புள்ளை, ஹேண்டில்பார்ல காய்கறிப் பைன்னு குடும்பமே போச்சு.

கரூர்ல அப்பா வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி "ஏறிட்டியா?"ன்னு ஒரு தடவை கேட்பார். அம்மா "ம்"னு சொன்னாதான் வண்டி நகரும். ஒரு நாள் கேட்க மறந்துட்டார். அம்மாவை பெட்ரோல் பங்க்லயே விட்டுட்டு பேசிகிட்டே ரெண்டு தெரு தாண்டிப் போயிட்டார். அம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க.

இப்ப தங்கமணி கேள்விக்கு வருவோம். 1989ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதி இருக்கு. பின்சீட்டு உள்ள எந்த மோட்டார் சைக்கிளுக்கும் மூணு விஷயம் கட்டாயம்: பிடிச்சுக்க நிரந்தரமா ஒரு கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைக்கிற ஒரு தடுப்பு. தடுப்பு எதுக்குன்னும் அந்த விதியிலேயே எழுதியிருக்கு: பின்னாடி உட்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க. ஓட்டுறவனைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. மொத்த விதியும் பின்னாடி இருக்கறவங்களுக்குத்தான்.

அதைத்தான் நான் அழகுக்காகக் கழட்டி பரண்ல போட்டிருந்தேன்.

ஹெல்மெட் கதையும் இதேதான். 129வது பிரிவு ஓட்டுறவர், பின்னாடி உட்கார்றவர் ரெண்டு பேருக்கும்தான். ஆனா டெல்லியில பெண்களுக்கு ரொம்ப காலம் விலக்கு இருந்துச்சு, 2014லதான் சீக்கியப் பெண்களைத் தவிர மத்தவங்களுக்குக் கட்டாயம் ஆச்சு. நம்ம ஊர்ல 2015ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, ஜூலை 1லேர்ந்து பின்சீட்டுக்கும் கட்டாயம்னு ஆச்சு. இன்னிக்கும் சிக்னல்ல நின்னு பாருங்க. முன்னாடி தலைக்கு ஹெல்மெட், பின்னாடி தலைக்கு மல்லிப்பூ. ஒரே வண்டி, ஒரே ரோடு, விழுந்தா ரெண்டு பேரும்தானே விழறோம்?

கேரியர், மெத்தை, சீட்டு, கைப்பிடி, கம்பி, ஹெல்மெட்னு பின்சீட்டுக்காரங்களுக்கு ஒவ்வொண்ணும் லேட்டாத்தான் கிடைச்சிருக்கு. கிடைச்சதையும் 'லுக்கு கெடுது'ன்னு கழட்டற புண்ணியவான்கள் என்னை மாதிரி நிறைய பேர். வண்டியோட அழகைப் பத்திப் பேசறவன் எப்பவும் முன்சீட்டுலதான் உட்கார்ந்திருக்கான், கவனிச்சீங்களா?

அடுத்த நாளே பரண்லேர்ந்து கம்பியை இறக்கி, ஒட்டடை தட்டி, மெக்கானிக் அண்ணன்கிட்ட கொடுத்து மாட்டிட்டேன். அவர் சிரிச்சுகிட்டே, "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"ன்னார். "ஆகி ஒரு வருஷம் ஆச்சுண்ணே, இப்பதான் தெரிஞ்சுது"ன்னேன்.

இப்பல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி ஷாலை முடிஞ்சிருக்காளான்னு கண்ணாடியில ஒரு பார்வை. அப்புறம் அப்பாவோட கேள்வி, "ஏறிட்டியா?"

"ம்" வந்தாதான் கியர்.

டிஸ்கி: உங்க வண்டியில சாரி கார்டு இருக்கா, பரண்ல இருக்கா? பின்னூட்டத்துல உண்மையைச் சொல்லணும். தங்கமணிகள் நேர்ல வந்து சொன்னா இன்னும் விசேஷம் ;-)