காரணி, மடங்கு: இரண்டு பெயர்களின் கதை

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டில் ஒரு பிள்ளையிடம் 12 தேங்காயைக் கொடுத்து, மிச்சம் விழாமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையாக வைக்கும். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு வரிசையாகவும் வைக்கும். ஐந்து வரிசை போட்டால் இரண்டு காய் மிஞ்சும். 1, 2, 3, 4, 6, 12 ஆகியவை 12-இன் காரணிகள் என்பது அத்துடன் கைக்கு வந்துவிடும். பெயர்தான் இடறும். காரணி என்றால் எதற்குக் காரணம்?

நியாயமான கேள்வி. ‘காரணம்’ வடசொல், அதன் வேருக்குச் ‘செய்’ என்று பொருள். ‘காரியம்’, ‘கர்த்தா’ இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ஆக, காரணி என்பது ஒன்றை ஆக்குவது. 3-ம் 4-ம் பெருகி 12-ஐ ஆக்குகின்றன. அதனால் அவை காரணிகள். ஐரோப்பியச் சொல்லும் இதே பொருளில் பிறந்ததுதான். இலத்தீனில் ‘ஃபாக்தோர்’ என்றால் செய்பவர். அது பிரெஞ்சில் ‘ஃபக்தர்’ ஆனது. கணக்கில் அது காரணி, தெருவில் தபால்காரர்!

காரணிக்கு ‘வகுத்தி’ என்றும் பெயர் உண்டு. ‘வகு’ தமிழ் வேர். வகையும் வகுப்பும் அதன் உறவுக்காரர்கள். 12-ஐ ஆக்கும்போது 3 காரணி. மிச்சமின்றிப் பிரிக்கும்போது அதே 3 வகுத்தி.

‘மடங்கு’ நம் வீட்டுச் சொல். மடி, மடக்கு, மடங்கு எல்லாம் ஒரு குடும்பம். வேட்டியை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, அதுதான் இருமடங்கு. மீன்பிடித் துறைமுகம் உள்ள தேங்காய்த்திட்டில் சுருக்குமடி வலையை அறியாதவர் குறைவு. அந்த ‘மடி’யும் இந்தக் குடும்பம்தான். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வழங்கும் ‘மல்டிபிள்’ என்பதன் இலத்தீன் மூலத்திலும் மடிப்புதான் ஒளிந்திருக்கிறது. 4-ஐ 4, 8, 12, 16 என்று அடுக்கிக்கொண்டே போகலாம். காரணிகளை எண்ணி முடித்துவிடலாம், மடங்குகளுக்கு முடிவில்லை.

பொது மடங்கைத் தமிழர் ஒரு பெயருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பழைய பின்ன வாய்ப்பாட்டில் 1/20 என்பது மா, 1/80 என்பது காணி. இரண்டையும் கூட்டினால் மாகாணி. ஒரு மா நான்கு காணி; அதோடு ஒன்று சேர ஐந்து காணி. 5/80 என்பது 1/16. மாகாணியின் மதிப்பும் அதுவே. 16, 20 இரண்டுக்கும் பொதுவான மடங்குகளில் சிறியது 80. மாவையும் மாகாணியையும் மிச்சமின்றி அளக்கக் காணி உதவியது அதனால்தான்.

நம் இன்றைய பாடநூல் பெயர்களில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 12, 18 ஆகியவற்றின் ‘மீப்பெரு பொதுக் காரணி’ 6. ‘மீச்சிறு பொது மடங்கு’ 36. ‘மீ’ என்றால் மிகவும். ‘மிகப் பெரிது’ என்ற பெயருக்குச் சின்ன எண்ணும், ‘மிகச் சிறிது’ என்ற பெயருக்குப் பெரிய எண்ணும் விடையாக வந்தால் பிள்ளை விழிக்காமல் என்ன செய்யும்? மீ.பெ.கா., மீ.சி.ம. என்று சுருக்கிவிட்டால் இருந்த வெளிச்சமும் போய்விடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதையே ‘பொதுக் காரணிகளுட் பெரியது’, ‘பொது மடங்குகளுட் சிறியது’ என்கின்றன. இந்தப் பெயர்கள் செய்முறையையும் சொல்லிவிடுகின்றன. முதலில் பொதுவான காரணிகளை எழுது: 1, 2, 3, 6. அவற்றுள் பெரியதை எடு: 6. பொது மடங்குகளை எழுது: 36, 72, 108. அவற்றுள் சிறியதை எடு: 36. பிள்ளை குழம்ப இடமே இல்லை.

கலைச்சொல் நிலைத்துவிட்ட பிறகு மாற்றுவது கடினம். விரித்துச் சொல்வது எளிது. ஆசிரியர்கள் கரும்பலகையில் மீ.சி.ம. என்று எழுதுமுன், ‘பொது மடங்குகளுள் சிறியது’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும்.