தேய்தலும் நைதலும்

‘துணி’ என்பது துணிக்கப்பட்டது என்னும் பொருளில் வந்த பெயர். அதற்கு முன்பு வழங்கிய ‘அறுவை’ என்னும் பெயரும் அத்தகையதே. நெய்து முடித்ததைத் தறியிலிருந்து அறுத்தெடுப்பது ஒரு கணத்துச் செயல். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஆனால் அந்தத் துணி அழிவது ஒரு கணத்தில் அன்று. உடுத்து, துவைத்து, உலர்த்தி, மீண்டும் உடுத்து, நாள்தோறும் நம் கண்ணுக்குப் படாமலே அது குறைந்துகொண்டு வருகிறது. இந்தக் குறைவைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன, அவை எவ்வாறு வழங்கி வந்தன என்பதே இன்று நாம் காணவிருக்கும் பொருள்.

இதை எண்ணிப் பார்த்த முதல் ஆசிரியர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்து உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்னும் நான்கு சொற்களை அவர் ஓரினமாக வைக்கிறார். முன்பு எந்த அளவில் இருந்ததோ அதனினும் நுண்ணியதாகிவிடுதல் என்பது இந்நான்கிற்கும் பொதுப்பொருள். இல்லாமற் போவதன்று, இருந்துகொண்டே நுணுகுவது. இந்த வேறுபாட்டை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான பழமையுடைய ஒரு நூல் கவனித்திருப்பது வியப்புக்குரியது.

அந்நான்கு சொற்களின் பிற்கால வரலாறும் சுவையானது. மழை ஓய்ந்தது என்றால் இன்று நின்றுவிட்டது என்பதே பொருள். நுணுகிற்று என்று எவரும் கொள்ளார். ஆய்தல் ஆராய்ச்சிக்குப் போயிற்று. சமையலறையில் கீரை ஆய்வதிலும் தங்கியிருக்கிறது. ஆய்த எழுத்தின் பெயருக்கு நுணுகிய ஒலி என்று காரணம் கூறுவாரும் உளர். சாய்தல் ஒருபுறம் சரிதலாயிற்று. நிழத்தலோ வழக்கொழிந்தது. தேய்வைக் குறிக்க வந்த சொற்களே தேய்ந்துபோயின.

அவற்றின் இடத்தில் வேறு சொற்கள் வந்து நின்றன. அகராதிகளில் இவற்றுள் ஒன்றன் பொருளாக மற்றொன்றை எழுதிச் செல்வது பெருவழக்கு. மாணவர்க்கு அதனால் பெருந்தொல்லை. தேய்தல் உராய்வினால் மேற்பரப்பு குறைவது. செருப்பும் நாணயமும் சந்தனக் கட்டையும் தேயும். நைதல் அவ்வாறன்று. வடிவம் முழுமையாக இருக்க, உள்ளிருக்கும் உறுதி மட்டும் போய்விடுவது அது. நைந்த வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனாலேயே மனத்தின் துயரத்திற்கும் இச்சொல் பொருந்திற்று. இற்றுப்போதல் அதற்கு அடுத்த நிலை: தொட்டால் விட்டுவிடும். உளுத்தல் மரத்திற்கு உரியது. வெளியே திண்மையாகத் தோன்ற உள்ளே பொடியாகிக் கிடக்கும். அரித்தலுக்குக் கறையானோ வெள்ளமோ வெளியிலிருந்து வர வேண்டும். கரைதலில் பொருள் அழிவதில்லை. மற்றொன்றில் கலந்து தன் உருவை இழக்கிறது.

இவ்வரிசையில் சேராமல் தனித்து நிற்பது தூர்தல். குளம் தூர்ந்தது என்றால் அதிலிருந்து எதுவும் போகவில்லை. மாறாக, மண் வந்து சேர்ந்தது. சேரச் சேரக் குளம் குறைந்தது. கூடுவதனாலே குறைவது என்னும் இந்நிலைக்குத் தமிழர் ஒரு தனி வினை வைத்திருந்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணிக்குத் திரும்புவோம். பொருநராற்றுப்படையில் வறிய கலைஞன் உடுத்திருந்த கந்தைக்குச் ‘சிதார்’ என்று பெயர். தைத்துத் தைத்து, அதனுள் வேறு இழைகள் புகுந்துவிட்டன என்கிறார் புலவர். அதைக் களைந்து கரிகாலன் புத்தாடை நல்குகிறான். அப்புத்தாடையைவிட அந்தக் கந்தையே என் கருத்தைக் கவர்கிறது. துணி எவ்வாறு நையும் என்பதை இழை இழையாகப் பார்த்தவர் அப்புலவர்.

கொங்கு நாட்டில் நூலோடு பழகியவர் வாழ்ந்ததற்கு மண்ணுக்குள்ளும் சான்று உண்டு. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளோடும் மணிகளோடும், நூல் நூற்கும் கதிருக்குரிய சுடுமண் வட்டுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்துக் குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பர்.

அதே ஆற்றின் கரையில், மேற்கே, திருப்பூர் இருக்கிறது. 1920களில் அது கதரின் பெருநிலையம். பின்னர்ப் பனியன் தொழில் வேரூன்றியது. நெடுங்காலம் அங்கே மிகுதியாகச் செய்யப்பட்டது வெள்ளைப் பனியன். சலவைப்பட்டறையே அதற்குப் போதும். 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, அடுத்த பத்தாண்டில் பெருகியபோது பல நிற ஆடைகள் வேண்டியதாயின, சாயப்பட்டறைகள் பல்கின. சாயம் போகாத துணி என்பது வாங்குவோர் கேட்ட முதல் தகுதி.

சாயம் போகாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. இக்காலச் சாயங்கள் பருத்தி இழையைப் பற்றிக்கொள்ள வேண்டுமாயின் சாயத் தொட்டியின் நீரில் உப்பை நிறையச் சேர்க்க வேண்டும். இழை உப்பை ஏற்பதில்லை. நிறம் துணியோடு கப்பலேற, உப்பு நீரோடு நொய்யலுக்குச் சென்றது. நிறத்தையாவது வடித்து நீக்கலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்காது. ஆற்றில் விடும் கழிவு நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. சாயக் கழிவு நீர் அதனினும் பன்மடங்கு உப்புடையது.

கீழ்நாட்டுப் பாசனத்திற்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992இல் பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாய நீர்த்தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று பாசன உழவர்களே வேண்டும் நிலை வந்தது. உழவர் சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. 2006இல் சென்னை உயர்நீதிமன்றமும், 2009இல் உச்சநீதிமன்றமும் கழிவு வெளியேறாத முறையை வற்புறுத்தின. அது நிறைவேறாமையால் 2011 சனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடப் பணித்தது. எழுநூறுக்கு மேற்பட்ட ஆலைகள் நின்றன. அவற்றை நம்பிய தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். உப்பையும் நீரையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் அதன் பின்னரே முறையாக இயங்கத் தொடங்கின. அந்தத் தீர்ப்பு ஒரு நாளில் வந்தது. ஆற்றின் கேடு ஏறத்தாழ முப்பதாண்டு நடந்தது.

இவ்வளவு காலம் அது ஏன் பொறுக்கப்பட்டது என்பதற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. சொல்லிலும் ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆறு வற்றவில்லை, ஆகவே வற்றிற்று என்று கூற முடியாது. ஆலை நீர் சேர்ந்ததால், பெரும்பாலும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் அவ்வாற்றில் கோடையிலும் ஒழுக்கு இருந்தது. கிணற்று நீர் கெட்டதை மக்கள் ‘உப்பேறிவிட்டது’ என்பர். வயலில் வெள்ளை படர்ந்ததை ‘உப்புப் பூத்துவிட்டது’ என்பர். ஏறுதலும் பூத்தலும் வளர்ச்சியைக் காட்டும் வினைகள். தூர்தலைப் போலவே, சேர்வதனால் அழிவதைச் சொல்ல வந்தவை அவை. ஆயினும் தூர்தலில் ஒலிக்கும் இழப்பு இவற்றில் ஒலிக்கவில்லை.

ஆவணங்கள் ‘மாசுபடுதல்’ என்று எழுதுகின்றன. மாசு பழைய சொல். உடையிலும் உடம்பிலும் மணியிலும் படிந்த அழுக்கை அது குறித்தது. நீரிட்டுக் கழுவினால் மாசு போகும். நொய்யலின் உப்போ அந்த நீரிலேயே கரைந்திருந்தது.