மணலும், தண்ணீரும், கொஞ்சம் சீமைச் செடிகளும்

போன சித்திரையில எங்க வீட்டு போர் தண்ணி உப்பாயிடுச்சு. காலையில காபி குடிச்ச அப்பா டம்ளரையே ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "சர்க்கரை போட்டியா, உப்பு போட்டியா?"ன்னு அம்மாவைக் கேட்டார். அன்னைக்கு ஆரம்பிச்சது இந்த ஆராய்ச்சி. ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சதைத்தான் இங்க கொட்டப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா.

திருப்போரூர் தாண்டி மாமல்லபுரம் போற வழியில இருக்கு எங்க வீடு. ரிடையர் ஆன கையோட அப்பா ஆசையா கட்டினது. முன்னாடி ஆயிரம் சதுர அடிக்குப் புல்தரை. வித்தவர் "சார், ஒரு தரம் போட்டா போதும், அப்புறம் பச்சைக் கம்பளம்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்தக் கம்பளம் எவ்வளவு குடிக்கும்னு அவரும் சொல்லல, நாங்களும் கேட்கல. கோடையில ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர்னு வெச்சாலே ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 460 லிட்டர் வருது. மனுஷன் குளிக்கத் தண்ணி இல்லாத மே மாசத்துலயும்!

போர் உப்பானதும் அப்பா எடுத்த முடிவு, "இன்னும் நூறு அடி இறக்கிடலாம்". எனக்கும் அவருக்கும் சண்டை அங்கதான். நான் காலேஜ்ல படிச்ச எஞ்சினியரிங் வீட்டுக்கு உபயோகப்பட்ட ஒரே சந்தர்ப்பமும் அதுதான் :-)

விஷயம் இதுதான். கடலோரத்துல மண்ணுக்குள்ள நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல மிதக்குது. உப்புத் தண்ணி கொஞ்சம் கனம், அதனால அது கீழே. பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில பாடோன் கைபன்ங்கிற டச்சுக்காரரும், 1901-ல் ஹெர்ஸ்பெர்க்ங்கிற ஜெர்மன்காரரும் இதுக்குத் தனித்தனியா ஒரே கணக்கைச் சொன்னாங்க. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி இருந்தா, கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்க: இறைச்சு இறைச்சு மேல ஒரு அடி குறைச்சா, கீழே இருந்து நாற்பது அடிக்கு உப்பு மேல வரும். ஆழமா தோண்டினா உப்பைப் போய் நாமே கூப்பிட்டு வர்ற மாதிரி. சமுத்திரத்துக்கே குழாய் போட்டு புல்லுக்கு ஊத்தறதா?

சரி, அப்ப என்ன செடி வெக்கிறது? "தண்ணி கேக்காத செடி எது?"ன்னுதான் நானும் தேட ஆரம்பிச்சேன். தேடத் தேடத்தான் தெரிஞ்சது, இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடி பல பேர் கேட்டிருக்காங்க, சில பேர் கேட்டு ஊரையே கெடுத்திருக்காங்கன்னு.

முதல் ஆள் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். கிழக்கிந்தியக் கம்பெனியோட சென்னை மருத்துவர். அந்தக் காலத்துல நல்ல சிவப்புச் சாயம் கொச்சினீல்ங்கிற பூச்சியிலேர்ந்து வரும், அது ஸ்பெயின்காரன் கையில, மெக்சிகோவில. அந்தப் பூச்சி தின்னும் சப்பாத்திக்கள்ளியை இங்க வளர்த்துட்டா நாமே சாயம் எடுக்கலாம்னு 1780-களின் கடைசியில சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் நீல்சன்ங்கிற கேப்டன் பிரேசில்லேர்ந்து பூச்சியும் கொண்டுவந்தார். ஆனா வந்தது மட்டமான ரகப் பூச்சி. சாயத் தொழில் படுத்துடுச்சு. இப்படியெல்லாம் வந்து சேர்ந்த கள்ளிகள் படுக்கல. ஒரு இனத்தை அந்த மட்டப் பூச்சியே தின்னு தீர்த்தது. இன்னொரு இனம் தென்னாட்டு நிலங்கள்ல வேலி தாண்டிப் பரவி, கடைசியில 1926-ல் இலங்கையிலேர்ந்து வேற ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பேட்சால வந்த பிரச்சினைக்கு நூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு இன்னொரு பேட்ச்.

அடுத்தது சவுக்கு. 1856-ல் ராயபுரத்துலேர்ந்து ரயில் ஓட ஆரம்பிச்சது. எஞ்சினுக்கு விறகு வேணும். ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியாப் பக்கத்து மரம், வெறும் மணல்ல வளரும், வேர்லயே தழைச்சத்து சேர்த்துக்கும். 1860-கள்லேர்ந்து இந்தக் கிழக்குக் கரை முழுக்க சவுக்குத் தோப்பு. இன்னைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில போனா ரெண்டு பக்கமும் அதுதான். பந்தக்காலுக்கும் சாரத்துக்கும் விறகுக்கும் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட மரம், குறை சொல்ல மனசு வரல. ஆனா தோப்புக்குள்ள நடந்து பாருங்க. ஊசி மாதிரி சருகு மெத்தையா கிடக்கும், அடியில ஒரு செடி முளைக்கறது அபூர்வம்.

மூணாவது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வில்லன், சீமைக் கருவேலம். 1877-ல் ஜமைக்காவிலேர்ந்து விதை வரவழைச்சு அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கம் விதைச்சாங்க. காரணம் அதேதான்: வறட்சி தாங்கும், விறகாகும். தாங்கிச்சு. நல்லாவே தாங்கிச்சு. 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போடற வரைக்கும் தாங்கிச்சு, அதுக்கு அப்புறமும் தாங்கிக்கிட்டிருக்கு.

மூணு கதையிலயும் ஒரே தப்பு இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. சாயத்துக்கு, எஞ்சினுக்கு, அடுப்புக்குன்னு ஒரு தேவை. "தண்ணி இல்லாம வளருமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. அந்த ஒரு பரீட்சையில முதல் மார்க் வாங்கறது பெரும்பாலும் ஊரை வளைச்சுப் போடற செடியாத்தான் இருக்கு. "அது மத்ததை வாழ விடுமா?"ங்கற ரெண்டாவது கேள்வியை யாரும் கேட்கல. நானும் முதல் ஒரு வாரம் கேட்கல.

இன்னொரு விஷயம். நம்ம பகுதி வறண்ட பகுதியே இல்ல சாமி! செங்கல்பட்டுப் பக்கம் வருஷத்துக்கு சுமார் 1200 மில்லிமீட்டர் மழை. எப்பப் பார்த்தாலும் குடையோட திரியற லண்டன்ல அதுல பாதிதான். வித்தியாசம், நமக்குப் பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்த்துடும். அப்புறம் ஆறு மாசம் காத்துக் கிடக்கணும். அதனாலதான் இந்த ஜில்லா பூரா ஏரி. மதுராந்தகத்துல ஏரி உடையாம ராமர் காவல் நின்னதை கலெக்டர் லயனல் பிளேஸே பார்த்தார்னு கோயில்ல கதை சொல்வாங்களே, அந்தப் பயமும் இதே மழையைப் பத்தினதுதான்.

அப்ப நமக்கு வேண்டியது பாலைவனச் செடி இல்ல. காத்திருக்கத் தெரிஞ்ச செடி. அது இங்கேயே இருந்திருக்கு. இந்தக் கரையோட சொந்தக் காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடுன்னு பேர். வெயில்லயும் இலை கொட்டாது. இலை தடியா, தோல் மாதிரி இருக்கும். உலக்கைப்பாலை, வீரை, காயா, நாவல், உசிலைன்னு போகும் பட்டியல். பெரும்பகுதி அழிஞ்சாச்சு. மரக்காணம் தாண்டி கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி, சாமிக்குப் பயந்து விட்டுவெச்ச துண்டுகள்தான் மிச்சம். 1968-ல் ஆரோவில் ஆரம்பிச்சப்ப அங்க இருந்தது மழையில அரிச்ச செம்மண் மேடு. முதல்ல வேகமா வளர்ற ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்கு வெச்சு, அப்புறம் அந்த நிழல்ல நாட்டு மரங்களை வளர்த்தாங்க. சீமைச் செடின்னாலே கெட்டதுன்னு இல்ல, வேலை முடிஞ்சதும் விலகத் தெரியணும், அவ்வளவுதான்.

இதைவிட என்னை உட்கார வெச்சது உத்திரமேரூர். நம்ம பக்கத்து ஊர்தான். கல்வெட்டுன்னா குடவோலைத் தேர்தல் ஞாபகம் வரும். 919, 921-ல் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். முப்பது குடும்புக்கு முப்பது பேரை எடுத்து, எப்படிப் பிரிச்சாங்க தெரியுமா? சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்டத்துக்குன்னு தனி வாரியம்! தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செஞ்சு பழகினவங்களுக்குத்தான் சம்வத்சர வாரியத்துல முன்னுரிமை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஊரைப் பார்த்துக்கணும்னா முதல்ல செடியையும் தண்ணியையும் பார்த்துக்கத் தெரிஞ்சிருக்கணும். எங்க வீட்டுல இருந்தது மோட்டார் ஸ்விட்ச் மட்டும்.

இதை அப்பாகிட்ட ஒரு ராத்திரி சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "எங்க அம்மா வீட்டுக் கொல்லையில நொச்சி, ஆடாதொடை, வேலியில பூவரசு... நாங்க யாரும் தண்ணி ஊத்தினதே இல்லடா"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. மறுநாள் போர்காரருக்கு அவரே போன் பண்ணி வேண்டாம்னுட்டார்.

புரட்டாசி கடைசியில புல்லை எடுத்தோம். மழைக்கு முன்னாடி நட்டாத்தான் தை மாசத்துக்குள்ள வேர் பிடிக்கும். கடல் காத்து வர்ற பக்கம் புன்னையும் பூவரசும். வேலிக்கு நொச்சி, ஆடாதொடை. நடுவுல ஆவாரை, அரளி, கற்றாழை (அரளி விஷம், குழந்தைங்க இருக்கற வீடுன்னா வேண்டாம்). மடகாஸ்கர்லேர்ந்து வந்த நித்யகல்யாணியும் உண்டு, அது அடங்கி இருக்கற விருந்தாளி. புல் இருந்த இடத்துல, கடற்கரையில படருமே அந்த அடும்பு. எல்லாத்துக்கும் அடியில தென்னை நார்க்கழிவும் சருகும். ஒரு காயாக் கன்னும் நட்டிருக்கேன், நீலமா பூக்கும்னு காத்திருக்கேன்.

தமிழ்நாட்டுல 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கின மழைநீர் சேகரிப்பு எங்க வீட்டுல வெறும் குழாயாத் தொங்கிட்டிருந்தது, அதையும் ஒழுங்கா மண்ணுக்குள்ள இறக்கினோம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில வருஷத்துக்கு விழற மழை ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. இத்தனை நாளும் அது ரோட்டுக்குப் போச்சு.

முதல் ரெண்டு கோடைக்குக் கன்னுகளுக்குத் தண்ணி ஊத்தித்தான் ஆகணும், வறட்சி தாங்கறதெல்லாம் வேர் இறங்கின பிறகுதான். தண்ணி இன்னும் லேசா கரிக்குது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அப்பா தினமும் சாயந்திரம் ஒரு குடத்தோட இறங்கி, எந்தச் செடிக்கு வேணும், எதுக்கு வேண்டாம்னு பார்த்துப் பார்த்து ஊத்தறார். எங்க வீட்டுத் தோட்ட வாரியத்துக்கு அவர்தான் ஏகமனதாத் தேர்வு. குடவோலை போட ஆள் இல்ல, மூணே பேர்தானே :-)