லோவெலும் லித்தியமும்

ராபர்ட் லோவெலைப் பற்றிப் பேசும்போது இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. பித்துதான் அவருக்குக் கவிதையைத் தந்தது என்பது ஒன்று. நோய் வேறு, கவிதை வேறு என்பது மற்றது. இந்த விவகாரத்தில் சில தேதிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

1949 வசந்த காலத்தில், தமது 32ஆவது வயதில், லோவெல் முதன்முறையாக மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மின் அதிர்ச்சி வைத்தியம் பெற்றார். அதே வருஷம் செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையில் ஜான் கேட் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். லித்தியம் உப்புக் கொடுத்ததில் உன்மத்த நிலையிலிருந்த 10 நோயாளிகள் தணிந்தார்கள் என்பது அதன் சாரம். லோவெலுக்கு அந்த உப்புக் கிடைத்தது 1967இல். இடையில் 18 வருஷங்கள்.

உன்மத்தமும் சோர்வும் மாறி மாறி வருவதை ஒரே நோயாக 1854இலேயே பிரான்ஸில் ஃபால்ரே வர்ணித்திருந்தார். இன்று அதை இருதுருவ நோய் என்கிறோம். லோவெலிடம் அதன் போக்கு ஏறக்குறைய மாறாதது. தூக்கம் குறையும், பேச்சு நிற்காது, சர்வாதிகாரிகள் மேல் மோகம் பிறக்கும், புதிதாக ஒரு பெண்மேல் காதல் வந்து, மனைவியை விட்டுவிடப் போவதாக அறிவிப்பார். பிறகு மருத்துவமனை. பிறகு மாதக் கணக்கில் சோர்வு, வெட்கம், மன்னிப்புக் கடிதங்கள்.

கேட் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். உன்மத்தம் உடலில் சுரக்கும் ஏதோ நஞ்சின் வேலை என்று எண்ணி, நோயாளிகளின் சிறுநீரைக் கினி எலிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். யூரிக் அமிலம் எளிதில் கரையவில்லை என்பதால் லித்தியத்தைச் சேர்த்தார். எலிகள் அமைதியாயின. அவர் ஊகம் தவறு. அந்த அமைதியே நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் 5 வருஷமாக உன்மத்தத்தில் இருந்த 51 வயது நோயாளி ஒருவர் சில மாதங்களில் குணமாகி வேலைக்குத் திரும்பினார். அவரே 1950இல் லித்திய நஞ்சேறி இறந்தார்.

அமெரிக்காவில் 1949இல் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டுச் சிலர் இறந்தனர். சரக்கு திரும்பப் பெறப்பட்டது. ரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்துக்கொண்டே மருந்து கொடுக்கும் முறை பிறகுதான் பரவியது. இயற்கையில் கிடைக்கும் உப்புக்குக் காப்புரிமை கிடையாது; கம்பெனிகளுக்கு அக்கறை இல்லை. டென்மார்க்கில் மோகென்ஸ் ஸ்கௌ 1954இல் முறையான சோதனை நடத்தினார். அவர் சகோதரருக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது. நோய் மீண்டும் வராமலும் லித்தியம் தடுக்கிறது என்று அவரும் பாஸ்ட்ரூப்பும் எழுதியது 1967இல். அமெரிக்க அரசின் அனுமதி 1970இல்.

‘லைஃப் ஸ்டடீஸ்’ (1959) இந்த இடைவெளியில் வந்த புத்தகம். அதன் பல கவிதைகள் 1957 இலையுதிர் காலத்தில், உன்மத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது வேகமாக வந்தன என்பது உண்மை. அந்த வேகம் டிசம்பரில் மருத்துவமனையில் முடிந்தது என்பதும் உண்மை. முதல் கட்சிக்காரர்கள் முந்தியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

லித்தியத்துக்குப் பிறகு லோவெல் எழுதாமல் போகவில்லை, ஏராளமாகவே எழுதினார். ‘தி டால்ஃபின்’ (1973) புலிட்சர் பரிசு பெற்றது. விட்டுவந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கின் கடிதங்களை மாற்றி அதில் கவிதைகளாகச் சேர்த்திருந்தார். அச்சாகுமுன்பே எலிசபெத் பிஷப் கடுமையாக ஆட்சேபித்தார். லோவெல் சேர்த்தார். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வருஷங்களில், நிதானமாகத் திருத்தித் திருத்திச் செய்த காரியம் இது.

தாம் பட்டதும் பிறரைப் படுத்தியதுமான துன்பமெல்லாம் மூளையில் கொஞ்சம் உப்புக் குறைந்ததால்தானோ என்று பதிப்பாளர் ராபர்ட் ஷிரூவிடம் லோவெல் வருந்தியிருக்கிறார். ரசாயனமாக இது சரியல்ல. லித்தியக் குறைவால் வரும் நோயல்ல இது. அந்த உப்பு வேலை செய்யும் விதம் இன்றும் முழுக்கத் தெளிவாகவில்லை. சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனித்துக்கொண்டே அதை இன்றும் தருகிறார்கள். லோவெலுக்கே 1975இல் நோய் திரும்பியது. ஒப்புதலாகப் பார்த்தாலும் பாதிதான் சரி. உன்மத்தத்தில் செய்தவற்றுக்கு நோயைச் சொல்லலாம். ‘தி டால்ஃபி’னுக்கு அவரைத்தான் சொல்ல வேண்டும்.

மருந்து முன்பே கிடைத்திருந்தால் ‘லைஃப் ஸ்டடீஸ்’ வந்திருக்குமா என்று கேட்பது நமக்குச் சுலபம். அந்த 18 வருஷங்களில் பெரும்பகுதி அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தவர் ஹார்ட்விக். கேள்வியை அவரிடத்திலிருந்தும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.